ரஜூலா கப்பலில் போனவர்கள்: திரும்பி வரத்தானே போனார்கள்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போன மாதம் மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தோம். பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. மூடியில் வெள்ளைச் சாயத்தில் தாத்தாவின் பெயர், அதன் கீழே "பினாங்கு". உள்ளே அம்மை குத்திய சீட்டு, ஒரு காக்கிச் சட்டை, நுனி வளைந்த சிறிய உளி, நூல் போட்டுக் கட்டிய பத்தொன்பது கடிதங்கள்.

தாத்தா 1937இல் ஒரு கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிறவர்) நாகப்பட்டினத்தில் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அப்பாவுக்கு ஒரு வயது. 1948இல் ஒரு முறை வந்து எட்டு மாதம் இருந்துவிட்டு மறுபடியும் ரஜூலாவில் போய்விட்டார். 1971இல் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். அப்பா அவர் பேச்சை எடுக்கவே விடமாட்டார். "பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போனவர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அப்பாயி மட்டும் கடைசிவரை தாலியோடுதான் இருந்தாள். தந்தி வந்த அன்றுகூட நம்ப மறுத்துவிட்டாளாம்.

கடிதங்களை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். படித்தவரையில் எல்லாவற்றிலும் ஒரு வரி வருகிறது: "வருகிற தைக்கு வந்துவிடுவேன்." வர நினைத்த மனிதர் ஏன் வரவில்லை? அந்தக் காலத்துப் போக்குவரத்து எப்படி இருந்தது, தோட்டத்தில் என்ன நடந்தது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடுவையாறு எழுதியது:

தம்பி, நான் நாகப்பட்டினத்துக்காரன். வயது எழுபத்தெட்டு. என் தகப்பனார் துறைமுகத்தில் படகில் வேலை பார்த்தவர். கப்பல் ஏறும் காட்சியை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது. வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கடுவையாற்று முகத்திலிருந்து பயணிகளைப் பெரிய படகுகளில் ஏற்றி, விசைப்படகு வைத்து இழுத்துக்கொண்டு போவார்கள். கப்பலோரத்தில் படகு ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தில் சரியான நொடி பார்த்து ஏணிப்படியில் கால் வைக்க வேண்டும். பிள்ளைகளையும் கிழவிகளையும் அப்பாவும் கூட்டாளிகளும் தூக்கித்தான் ஏற்றிவிடுவார்கள். ஒருமுறை ஒரு பெண்ணின் பித்தளைக் குடம் நழுவிக் கடலில் விழுந்ததாம். அவள் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிவிட்டாள், குடத்துக்காக மட்டும் அழுதாள் என்று அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார்.

கப்பல் நாளில் ஊர் திருவிழா மாதிரி இருக்கும். பாய், எலுமிச்சை ஊறுகாய், வாந்திக்கு இஞ்சி மரப்பா, எல்லாம் கடைத்தெருவில் குவிந்து கிடக்கும். எந்தச் சாதி, எந்த மதமானாலும் நாகூருக்குப் போய் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா இருக்கிறதே, அது இந்தக் கடல்வழியில் போனவர்கள் கட்டியதுதான்.

வழியனுப்ப வந்தவர்கள் கப்பல் புகை மறையும்வரை மணலில் உட்கார்ந்திருப்பார்கள். உன் அப்பாயியும் எங்கள் கடற்கரையில் அப்படி உட்கார்ந்திருப்பாள், தம்பி. அவளைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

---

நங்கூரம் எழுதியது:

பழைய கப்பல்கள் பற்றித் தேடித் தேடிப் படிப்பவன் நான். ரஜூலா 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அறைகளில் பயணம் செய்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். கப்பல் முழுக்க டெக் பயணிகள், அதாவது அறை இல்லாமல் தளத்திலேயே பாய் விரித்துப் போனவர்கள். தொடக்கத்தில் ஐயாயிரம் பேருக்கும் மேல் ஏற்ற உரிமம் இருந்தது. ஐயாயிரம் பேர் என்றால் எத்தனை கிராமம் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு ரோனா என்று ஒரு சகோதரிக் கப்பல் உண்டு. போரின்போது துருப்புகளை ஏற்றிச் சென்ற அது, 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். நம் பாட்டன்கள் பாய் விரித்துப் படுத்த அதே தளங்கள் அவை.

1973இல் ரஜூலா ஓய்வு பெற, எம்.வி. சிதம்பரம் அந்த வழித்தடத்தை எடுத்துக்கொண்டது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அத்தோடு அந்தக் கப்பல் பயணம் முடிந்தது.

---

கடாரத்துக் காற்று எழுதியது:

நல்ல இழை. ஒன்றை மறக்க வேண்டாம். நாகையிலிருந்து கெடாவுக்குப் போவது நமக்குப் புதிதில்லை. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை போன திசை அது. கடாரம் என்பதே இன்றைய கெடாதான். கடலோடிய இனத்தின் தொடர்ச்சியாகத்தான் உங்கள் தாத்தாவை நான் பார்க்கிறேன். கண்ணீர்க் கதையாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

---

சுங்கைப் பட்டாணி எழுதியது:

கடாரத்துக் காற்று அவர்களே, உங்கள் பெருமிதத்தை மதிக்கிறேன். நான் அந்தக் கடாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். பழங்காலக் கோவில் எச்சங்கள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். ஆனால் என் பாட்டனை இங்கே கொண்டுவந்தது ரப்பர் விலை. சோழனை இதில் சேர்த்தால், யார் யாரை எதற்காகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது மறைந்துவிடுகிறது. அதை மறைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வந்தவர்கள் சஞ்சிக்கூலிகள். ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள். அந்த முறை மலாயாவில் 1910இல் நின்றது. உங்கள் தாத்தா வந்தது கங்காணி முறையில். தோட்டத்துக் கங்காணியே உரிமத்தோடு ஊருக்குப் போய், தன் சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் கூட்டிவருவார். 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு போகும். தோட்ட முதலாளிகள் கட்டும் பணம் அது. அதனால் டிக்கெட் இலவசம். சட்டப்படி கடனும் இல்லை, ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகலாம். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. கங்காணிக்கோ, தன் ஆட்கள் வேலைக்கு வந்த நாளைக் கணக்கிட்டுத் தலைக்காசு. ஆகவே யாரும் போய்விடாமல் பார்த்துக்கொள்வதில்தான் அவர் பிழைப்பு இருந்தது. கடைக்கடன், கல்யாணக்கடன், கள்ளுக்கடை, எல்லாம் சேர்ந்து ஆளைப் பிடித்து வைத்தன.

இனி வருடங்களை வரிசையாகப் பாருங்கள். 1930இல் ரப்பர் விலை விழுந்தது. ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாள் கூலி 40 ஆனது, பெண்களுக்கு 32. பல்லாயிரம் பேரை அதே கப்பல்களில் ஏற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் 1934இலிருந்து மறுபடியும் ஆள் எடுத்தார்கள். உங்கள் தாத்தா வந்தது அந்த அலையில். ஆள் வேண்டும்போது கூப்பிட்டு, வேண்டாதபோது அனுப்புகிற ஏற்பாடு அது. யாரும் இங்கே ஊன்ற வேண்டும் என்று துரைமாரும் நினைக்கவில்லை, வந்தவர்களும் நினைக்கவில்லை. நாலு வருடம் பால் வெட்டி (ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதை இங்கே வெட்டுவது என்போம்), காணி நிலம் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டு போய்விட வேண்டும். என் பாட்டனும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

1938இல் மறுபடியும் கூலியைக் குறைத்தார்கள். அந்த ஜூன் மாதம் இந்திய அரசு, இப்படி நிதியின் உதவிச் செலவில் தொழிலாளர் போவதைத் தடை செய்தது. தடை சரியான செயல்தான். ஆனால் ஏற்கெனவே இங்கே இருந்தவர், மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தவர், என்ன செய்வார்? இனி கைக்காசில் டிக்கெட் வாங்க வேண்டும். 1941 டிசம்பரில் பினாங்கில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அதன்பின் 1945வரை கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை. போன தமிழர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. உங்கள் கடிதக் கட்டில் 1941க்கும் 1946க்கும் இடையே ஏதாவது இருக்கிறதா, பாருங்கள். இருக்காது.

1953இல் மலாயாவில் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்தது. ஊருக்குப் போனவர் திரும்பி வருவது அதற்குமுன் இருந்ததுபோல் எளிதாக இல்லை. அதாவது, ஊருக்கு வந்தால் வேலை போகும், வேலையில் இருந்தால் ஊர் போகும். 1957இல் சுதந்திரம் வந்தபின் குடியுரிமை எடுக்காதவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டை. 1969இல் குடிமக்களாக இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. வாழ்நாளெல்லாம் வெட்டிய மரத்தை வெட்ட அனுமதி!

வரத்தான் போனார்கள், ஐயா. நாங்கள் ஊன்றியது பிறகு நடந்தது.

---

வழிப்போக்கன் எழுதியது:

மன்னிக்கவும், கசப்பானதைக் கேட்கிறேன். அங்கே இன்னொரு குடும்பம் இருந்திருக்கலாம் அல்லவா? எங்கள் ஊரில் இப்படி மூன்று வீடு தெரியும். சட்டத்தையும் போரையும் சொல்லி ஆண்களை எளிதாக விடுவித்துவிடுகிறோம். ஊரில் காத்திருந்த பெண்ணுக்கு இந்த வருடக் கணக்கு ஆறுதல் தருமா?

---

பால்மரத்து மகள் எழுதியது:

வழிப்போக்கன் கேட்டது நியாயமான கேள்வி. இருந்திருக்கலாம். என் ஆயாவே அப்படி ஒருவரோடு வாழ்ந்தவர்தான். அவருக்கு ஊரில் மனைவி இருந்தது ஆயாவுக்குத் தெரியும். மாதம் பிறந்தால் ஊருக்கு மணியார்டர் போனதா என்று ஆயாதான் கேட்பாராம். இதை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டு பெண்களும் ஏமாற்றப்பட்டவர்கள் என்றுதான் நினைக்கிறேன். அவரை மட்டும் குற்றவாளி ஆக்கவும் மனம் வரவில்லை.

ஆனால் இந்த இழையில் எல்லோரும் ஆண்களையே பேசுகிறீர்கள். தோட்டத்தில் பாதி வேலை பெண்கள் செய்தது. உங்கள் பெட்டியில் இருக்கும் அந்த உளியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

விடியுமுன் பெரட்டுக்குத் தட்டுவார்கள். வரிசையில் நிற்க வேண்டும், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பெயர் கூப்பிடுவார். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் ஏணையில் போட்டுவிட்டு, இருட்டிலேயே நிரைக்கு, தங்களுக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, போவார்கள். வெயில் ஏறினால் பால் குறையும், அதனால்தான் அந்த அவசரம். மரத்தில் நேற்று வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். பிறகு உளியைச் சாய்த்துப் பிடித்து, பட்டையை மெல்லிய நாடாவாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம், துரை கூலியில் கழிப்பார். மேலோட்டமாகப் போனால் பால் வராது. சரியாக வெட்டினால் வெள்ளைப் புள்ளிகள் வியர்வைபோல் முதலில் பூக்கும், பிறகு சேர்ந்து கோடாக ஓடி மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சொட்டும். ஆயா ஒரு நாளைக்கு நானூறு மரத்துக்கு மேல் வெட்டுவார். முடித்துவிட்டு மறுபடி முதல் மரத்திலிருந்து மங்குகளைக் கவிழ்த்து வாளியில் சேர்த்து, காண்டாவில் (தோளில் வைக்கும் காவடிக் கட்டை) தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பார். தோளில் அந்தக் கட்டையின் தழும்பு கடைசிவரை இருந்தது. குளிப்பாட்டும்போது நான் தடவிப் பார்த்திருக்கிறேன்.

உளியின் பிடியைப் பாருங்கள். வலப்பக்கம் தேய்ந்திருந்தால் அவர் வலக்கை வெட்டுக்காரர். பிடியில் துணி சுற்றியிருக்கிறதா?

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அக்கா, சுற்றியிருக்கிறது. கறுத்துப்போன துணி. பார்டரைப் பார்த்தால் சேலைக் கிழிசல்போல் இருக்கிறது.

---

திரும்பி வந்தவன் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. நான் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். 1970இல் எனக்குப் பதினொரு வயது. அப்பாவிடம் சிவப்பு அட்டை. வேலை அனுமதி கிடைக்கவில்லை. வாழ்நாளில் பார்த்திராத "ஊருக்கு" நாங்கள் ரஜூலாவில் வந்தோம்.

டெக்கில் இடம் பிடிப்பதுதான் முதல் போராட்டம். முன்னால் ஏறியவர்கள் பாயை உதறி விரித்துவிடுவார்கள். அம்மா எங்கள் பெட்டிகளைச் சுவர்போல் அடுக்கி, நடுவில் எங்களை உட்கார வைத்தார். பினாங்கு விட்டு இரண்டாம் நாள் கடல் கொந்தளித்தது. எண்ணெய்ப் புகை, வாந்தி, வேகவைத்த பருப்பு, எல்லாம் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் டீசல் புகை மூக்கில் பட்டால் எனக்கு அந்தத் தளம் ஞாபகத்துக்கு வந்துவிடும். மாலையில் காற்று வாங்க மேலே போனால் ஒரு பெரியவர் தேவாரம் பாடிக்கொண்டிருப்பார், பக்கத்தில் தொழுகை நடக்கும், இன்னொரு மூலையில் சீட்டாட்டம். அப்பா ஐந்து நாளும் யாருடனும் பேசவில்லை. அவர் மடியில் ஒரு தகர டப்பா. அதற்குள் ரப்பர் விதைகள். "எதற்கு?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் அப்பாவின் ஊருக்குப் போனோம். சித்தப்பாக்கள் அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள். ஒரு மாதம் கழித்து நிலத்தில் பங்கு பற்றிய பேச்சு வந்தது. அப்பா அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலம் எல்லாம் வேறு பெயரில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை "மலாயாக்காரன்" என்று கூப்பிட்டார்கள். அங்கே நாங்கள் ஊர்க்காரர்கள். இங்கே மலாயாக்காரர்கள். அப்பா விதைகளைக் கொல்லையில் ஊன்றினார். அந்த மண்ணில், அந்த வெயிலில், ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு வருடத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

வெண்ணாற்றங்கரை தம்பி, உங்கள் தாத்தா அந்த அலையில் வந்திருந்தால் நன்றாக வாழ்ந்திருப்பார் என்று உறுதியாக நினைக்காதீர்கள். அவர் அதை அறிந்தே வராமல் இருந்திருக்கலாம்.

---

கடாரத்துக் காற்று எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் படித்தபின் நான் முன்பு எழுதியதை நினைத்து வருந்துகிறேன். பெருமை பேச இது இடம் இல்லை. மன்னித்துவிடுங்கள்.

---

சுங்கைப் பட்டாணி எழுதியது:

வருந்த வேண்டாம், நண்பரே. பெருமைப்பட எங்களுக்கும் உண்டு. அதற்கு ராஜேந்திரன் வரை போக வேண்டியதில்லை.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று இங்கே சொல்வோம். லயம் போகும், கோவில் போகும், தமிழ்ப்பள்ளி போகும். அப்போது மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்தார். வெட்டுகிறவர்களே காசு போட்டுத் தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முதலில் வாங்கிய தோட்டம் எங்கள் கெடாவின் புக்கிட் சிடிம். நாள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டியவர்களில் என் பாட்டியும் ஒருத்தி. எழுதப் படிக்கத் தெரியாது. பங்குச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். என் பாட்டன் அன்றிலிருந்து "ஊருக்குப் போகணும்" என்று சொல்வதை நிறுத்திவிட்டார் என்று அம்மா சொல்வார். அந்தக் காகிதம் வந்த நாள்தான் எங்கள் குடும்பம் இந்த நாட்டில் குடியேறிய நாள் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். கப்பலிலிருந்து இறங்கிய நாளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெண்ணாற்றங்கரை, தோட்டத்தின் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள். தோட்டம் இப்போது செம்பனையாகவோ (எண்ணெய்ப்பனை) வீடமைப்பாகவோ மாறியிருக்கும். ஆனால் அந்தத் தோட்டத்துக் கோவில் எங்காவது இடம் மாறி நிற்கும். கோவில் இருந்தால் அந்தக் காலத்து ஆட்கள் இருப்பார்கள். நான் நேரில் போய்க் கேட்கிறேன்.

---

நங்கூரம் எழுதியது:

கடித உறைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அஞ்சல் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பெயர், தகப்பன் பெயர், கிராமம் வரை கப்பல் பதிவேடு இருக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பலின் பட்டியலையே இன்றும் பார்க்கலாம். மலாயாவுக்குக் கங்காணியோடு போனவர்களை அப்படித் தேடுவது கடினம். உங்களிடம் உள்ள பெட்டிதான் உங்கள் பதிவேடு.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து பத்தொன்பது கடிதங்களையும் தேதிப்படி அடுக்கினேன். சுங்கைப் பட்டாணி ஐயா சொன்னது சரி. 1941 ஆகஸ்டுக்குப் பிறகு 1946 மார்ச்சில்தான் அடுத்த கடிதம். அதில் போரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "உடம்பு சுகம். காலில் மட்டும் புண் ஆறவில்லை. பையன் பள்ளிக்கூடம் போகிறானா?" என்று இருக்கிறது.

"வருகிற தைக்கு வந்துவிடுவேன்" என்பது 1962 கடிதத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப்பின் நான்கு கடிதங்கள். நான்கிலும் கையெழுத்து வேறு. வார்த்தைகள் அவருடையவை, எழுதியவர் வேறு யாரோ. குண்டு குண்டான, பள்ளிப் பிள்ளையின் எழுத்து. ஒரு கடிதத்தின் அடியில், தாத்தா சொல்லாத ஒரு வரியை அந்தக் கை தானாகச் சேர்த்திருக்கிறது: "பெரியம்மாவுக்கு என் வணக்கம்."

வழிப்போக்கன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு இப்போது வயது எண்பத்தெட்டு. இன்று காலை அந்தக் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதினது தங்கச்சியா, தம்பியா?" என்று கேட்டார்.

முத்திரையில் "சுங்கை" என்பதுவரை தெளிவாக இருக்கிறது, மீதி மங்கிவிட்டது. உறையின் பின்பக்கம் தோட்டத்தின் பெயர் பென்சிலில். படம் எடுத்து அனுப்புகிறேன், ஐயா. உங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாசிக்க வருகிறதா என்று பாருங்கள்.